பிரின்சி டாக்டர் பட்டம் வாங்கிய விதம்

பிரின்சி என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல பெண்ணா, கெட்ட பெண்ணா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. உழைப்பாளி, அதில் சந்தேகமே இல்லை. இப்போது அவள் வீட்டு வாசலில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்ட பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு இரண்டொருவர் வந்தார்களாம். அந்தப் பலகை எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் எங்கள் கம்பெனியில் நாலைந்து பேர்தான். அதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன் நான் ஒருவன்.

என் பெயர் லோகநாதன், லோகு என்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேபிள் செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரான் மெஷின் ஓட்டுகிறேன். கேபிளின் பிளாஸ்டிக் உறைமேல் எலக்ட்ரானைப் பாய்ச்சினால் உறை கெட்டிப்பட்டு, சூட்டில் உருகாமல் நிற்கும். தடித்த கான்கிரீட் சுவருக்கு உள்ளே மெஷின், வெளியே கண்ட்ரோல் ரூமில் நான். அதே கான்கிரீட் அறையின் மூலையில் சின்ன மெஷின் ஒன்றும் உண்டு. அது ஆராய்ச்சிக்கு. பெரியது மாதிரி விடாமல் ஓடாது, மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டி நின்றுவிடும். இருப்பது ஒரே அறை என்பதால் கேபிள் லைன் ஓடும்போது சின்ன மெஷின் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. மூன்று ஷிப்டும் ஓடுகிற லைன் ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும்தான் நிற்கும். மற்றவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அந்த நாட்கள்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கிடைக்கும். அவர்களுக்கு மெஷினைப் போட்டுத்தர நான் விடுமுறையிலும் வந்து உட்கார வேண்டும்.

பிரின்சி அந்த ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளர். பிளாஸ்டிக்குக்குள் நடப்பதை நேரடியாகப் பார்ப்பது கஷ்டம் என்று, அதற்கு உறவுக்காரத் திரவங்களை வைத்துப் பார்ப்பார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜாதி. கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் இல்லாதவை. அவள் கையில் எடுத்தது சைக்ளோஹெக்சேன் என்று ஒன்று. அதை மறுபடி மறுபடி சுத்தம் செய்து, பாட்டிலில் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, ஊசி வழியாக ஆர்கான் வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றி, கண்ணாடிச் சிமிழில் நிரப்பி மெஷின் முன்னால் வைப்பாள். நான் பட்டனை அழுத்துவேன்.

“லோகண்ணா, ஒரு செகண்ட நூறு கோடித் துண்டா நறுக்கிக்கோ. அதுல ஒரு துண்டுல இன்னா நடக்குதுன்னு பாக்குறேன்” என்றாள் ஒருநாள்.

“பாத்து இன்னா பண்ணப்போற?”

“டாக்டராவப்போறேன்.”

பேச்சு அவ்வளவுதான். எனக்குப் புரிந்தவரை விஷயம் இது. மெஷினிலிருந்து பாயும் வெட்டு, திரவத்தில் இருக்கும் எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். தட்டுப்பட்ட எலக்ட்ரான் கொஞ்ச தூரம் ஓடி, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி ஒட்டிக்கொள்ளும். அது திரும்புவதற்குள் இருக்கிற இடைவெளிதான் அவளுடைய ஆராய்ச்சி. குறுக்கே ஓர் ஒளியை விட்டால், அந்த நேரத்தில் புதிதாகப் பிறந்தது எதுவோ அது கொஞ்சம் ஒளியை விழுங்கும். ஸ்கோப் திரையில் ஒரு கோடு சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து, உள்ளே நடந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக ஒரு பெண் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

எளாவூர் பக்கத்தில் ஒரு காலனி அவளுக்கு. அப்பா பீட்டர், அம்மா மேரி. பீட்டரின் அப்பா காலத்தில் ஊரே பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனது. வயல் எல்லாம் கம்பெனி ஆனபிறகு பீட்டர் இரும்பு உருக்கும் மில்லுக்குப் போனார். பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று துள்ளி விழுந்ததில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. விரலோடு வேலையும் போயிற்று. அப்புறம்தான் ஒரு கான்ட்ராக்டர் மூலமாக எங்கள் கம்பெனிக்கு வந்தார், கூட்ட, துடைக்க, கக்கூஸ் கழுவ. லேபில் சேரும் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவர் வேலைதான். மேரி மசாலா கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். அவள் பக்கத்தில் வந்து நின்றாலே தும்மல் வரும்.

பிரின்சி பொன்னேரியில் காலேஜ் முடித்து, மேலே படிக்க பட்டணத்துக்கு லோக்கல் டிரெயினில் போய்வந்தாள். உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் படிப்பாளாம், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று. கூடப் படித்தவள் ஒருத்தி, “உங்கப்பா கக்கூஸ் கழுவுறவராமே” என்று கேட்டிருக்கிறாள். கேட்டவளோடு இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பிரின்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அழுத்தம்தான் அவளை மேலே கொண்டுவந்தது. அது எப்படிப்பட்ட அழுத்தம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருந்தால் பீட்டருக்கு எச்சரிக்கை சொல்லியிருப்பேன்.

பீட்டருக்கோ மகள் என்றால் தலைகால் புரியாது. கேபிள் ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடம் எல்லாம், “அதோ போவுது பாரு, என் பொண்ணு, சயின்டிஸ்ட்டு” என்று மாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவளுக்கு மானம் போகும். “நைனா, வேலை நேரத்துல இங்க வந்து நிக்காத. பேஜாரா கீது” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போவார். ஸ்டாஃப் சாப்பிடுவது ஏ.சி. ஹாலில், கான்ட்ராக்ட் ஆட்கள் சாப்பிடுவது தகர ஷெட்டில். சாம்பார் என்னவோ ஒரே அண்டாதான். பீட்டர் ஹால் கதவு வரை வந்து, பெண் தட்டில் சோறு இருக்கிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் போவார். அவள் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் சுப்பிரமணி. பிரின்சியின் பி.எச்டி.க்கு வழிகாட்டியும் அவரே. நெற்றியில் விபூதி, வாயில் எப்போதும் “பாத்துக்கலாம்மா.” அந்தப் பாத்துக்கலாம்மாவை நம்பி உருப்பட்ட ஒருத்தரையும் நான் கண்டதில்லை. பிரின்சி பதிவு செய்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மறுமுறை கிடையாது என்று யுனிவர்சிட்டி சொல்லிவிட்டது. அதற்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு செத்துப்போகும். படித்தது, நின்றது, தள்ளிப்போட்டது எல்லாம் தண்டம். முப்பது தாண்டிய பெண், கையில் பட்டமும் இல்லாமல், கழுத்தில் தாலியும் இல்லாமல் காலனிக்குள் நடக்க வேண்டும். இது அவளுக்கும் தெரியும், பீட்டருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பூஜைக்கு ஜாதி மதம் பார்ப்பதில்லை. பீட்டர்தான் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார், வாழைக்கன்று கட்டுவார், பூசணிக்காயும் அவரே உடைப்பார். பூஜை முடிந்தால் மெஷினை யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் இன்னொரு தரம் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அதன்பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். அதனால் கற்பூரத்தில் கொஞ்சம் மிச்சம் வைப்பது வழக்கம்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, பிற்பாடு பீட்டர் சொன்னது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அன்று நல்ல மழை. பூஜைத் தட்டோடு லேபுக்குள் வந்த பீட்டரிடம் சுப்பிரமணி சொன்னாராம், “கற்பூரத்தை வெளியில வைக்காதப்பா, ஈரம் ஏறினா காலையில பத்தாது. அந்தக் கண்ணாடி அலமாரில வை.” அது ஈரம் ஏறாமல் சாமான் வைக்கிற அலமாரி. உள்ளே பிரின்சி காயவைத்த பாட்டில்களும், ஒரு தகர டப்பா நிறைய ரப்பர் மூடிகளும் இருந்தன. டப்பா திறந்துதான் கிடந்தது. பிரின்சி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சார் சொல்லும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் அந்த லேபில் யாருக்கும் இல்லை. பீட்டர் வைத்தார், கதவைச் சாத்தினார்.

காலையில் அவளே கற்பூரப் பொட்டலத்தை எடுத்து சாரிடம் கொடுத்தாள். பூஜை ஆயிற்று. நான் பட்டனை அழுத்தினேன். ஸ்கோப்பில் கோடு ஏறியது, ஆனால் வழக்கம்போல் இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கி, அப்புறம் நீளமாக இழுத்துக்கொண்டு போயிற்று. நாங்கள் அதற்கு ‘வால்’ என்று பெயர் வைத்தோம். சுத்தமான சைக்ளோஹெக்சேனில் அப்படி ஒரு வாலை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை என்றாள். இன்னொரு பாட்டில், அதிலும் வால். மறுநாள் மறுபடி, அப்போதும் வால்.

“சார், அழுக்கு எதுனா கலந்திருக்குமோ?” என்று அவள்தான் முதலில் கேட்டாள். அந்த மரியாதையை அவளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

“டிரம்முலேந்து சாம்பிள் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். பாத்துக்கலாம்மா” என்றார் சுப்பிரமணி.

திரவம் வந்த டிரம்மில் இருந்தது சுத்தம் என்றே பதில் வந்தது. வரத்தானே செய்யும், டிரம்முக்கு ரப்பர் மூடி கிடையாதே. பொங்கலுக்கு இன்னொரு தரம் பார்க்கலாம் என்றால் அந்தப் பொங்கலுக்குக் கூலிங் பம்ப் ஊத்திக்கொண்டது. பதிவுக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்க மாட்டாமல் கட்டுரையை அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தும்விட்டது. கேட்டில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் சுப்பிரமணி முகம் பூசணிக்காய் சைஸுக்கு, பிரின்சி முகம் அடியில் எலுமிச்சம்பழம் சைஸுக்கு. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவள் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். பீட்டர் ஷெட்டில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். தீசிஸில் அந்த வால்தான் பெரிய அத்தியாயம்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டில் ஒரு லேபில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்களாம், வால் வரவில்லையாம். பிரின்சிக்கு முகம் செத்துப்போயிற்று. விஜயதசமி அன்று புதிதாக வாங்கிய மூடிகளைப் போட்டு எங்கள் மெஷினிலேயே பார்த்தாள். கோடு ஏறியது, ஒழுங்காக இறங்கியது. வால் கிடையாது. பத்துத் தரம் அழுத்தச் சொன்னாள். கை ஓயும் வரை அழுத்தினேன், வரவில்லை. அப்போதுதான் பழைய மூடிகள் கிடந்த டப்பாவைத் தேடி எடுத்துத் திறந்தாள். முகர்ந்து பார்த்தாள். டப்பாவை என் மூக்கருகே நீட்டினாள்.

“கோயில் வாசனை அடிக்குது” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ராத்திரி முழுக்க அலமாரிக்குள் கற்பூர ஆவியை ரப்பர் குடித்திருக்கிறது, மூடியிலிருந்து திரவத்துக்கு இறங்கியிருக்கிறது. ஓடுகிற எலக்ட்ரானைக் கற்பூரம் பிடித்துத் தன்மேல் உட்கார வைத்துக்கொள்ளுமாம். கற்பூரத்தைச் சுமந்துகொண்டு எலக்ட்ரானால் சட்டென்று வீடு திரும்ப முடியாது. எலக்ட்ரானைப் பறிகொடுத்துவிட்டு அதற்காகக் காத்துக்கிடந்த மிச்சப் பாதிதான் வாலாகத் தெரிந்திருக்கிறது. உலகத்துக்குப் புதுசு என்று அச்சடித்தது எல்லாம் பூஜைக் கற்பூரம்.

தப்பு நடந்தால் நடந்தது என்று பத்திரிகைக்கு எழுதித் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. கற்பூரம் என்ன செய்தது என்பதையே ஒரு அத்தியாயமாக மாற்றி எழுதவும் முடியும், கடைசியில் அவள் அப்படித்தான் எழுதினாள். ஆனால் கம்பெனி பேர் கெட்டுப்போயிற்றே, யார் வைத்தது என்று விசாரணை வேண்டும் என்றார்கள் மேலே. மாணவி மேல் தவறில்லை என்று விசாரணையில் தெரிந்தால்தான் தீசிஸை எடுத்துக்கொள்வோம் என்றது யுனிவர்சிட்டி.

சுப்பிரமணி அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். “வெவரம் தெரியாத ஆளு வெச்சதுன்னா யாருக்கும் கஷ்டம் இல்ல. நான் வைக்கச் சொன்னேன்னு ஆச்சுன்னா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. நான் இல்லைன்னா உனக்கு கைடு யாரும்மா? புது கைடு பாத்து, மாத்தி, எப்ப முடிப்ப?” இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள், ஒரு சொல் விடாமல், ஏதோ கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

விசாரணை அன்று காலையில் கேட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது பீட்டரைப் பார்த்தேன்.

“இன்னா பீட்டரண்ணா, பயமா கீதா?”

“எனக்கின்னாத்துக்கு பயம்? சார் வைக்கச் சொன்னாரு, வெச்சேன். பாப்பா பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சி. என் பொண்ணே சாட்சி, வேற யாரு வேணும்?” என்றார். நான்தான் துருவித் துருவிக் கேட்டு முழு விவரமும் வாங்கினேன்.

எச்.ஆர். ஹேமநாத் அறையில் விசாரணை. மெஷின் அன்று சரியாக ஓடியதா என்று சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுப்பிரமணி, பிரின்சி, நான் நாற்காலியில். பீட்டர் கதவோரம் நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

“மேடம், அலமாரில கற்பூரம் வெச்சது யாரு?” என்றார் ஹேமநாத்.

“பீட்டர்.” பெற்ற தகப்பனைப் பேர் சொல்லித்தான் சொன்னாள்.

“வைக்கச் சொன்னது யாரு?”

சுப்பிரமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பீட்டர் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளையை வாத்தியார் எழுப்பிவிட்டது போல ஒரு சந்தோஷம் முகத்தில்.

“யாரும் சொல்லல சார். அவராத்தான் வெச்சாரு” என்றாள் பிரின்சி. அதோடு விட்டாளா என்றால் இல்லை. கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். “லேப்ல எதையும் தொடக்கூடாதுன்னு அவருக்குப் பல தடவை சொல்லியிருக்கேன்.”

எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்றது. “சார், சுப்பிரமணி சார்தான் வைக்கச் சொன்னாருன்னு பீட்டரண்ணா என்கிட்ட சொன்னாரு” என்று எழுந்தேன்.

“நீங்க பாத்தீங்களா லோகு?”

“பாக்கல.”

“அப்ப உக்காருங்க.” ஹேமநாத் கதவுப் பக்கம் திரும்பினார். “இன்னா பீட்டர், மேடம் சொல்றது சரிதானா?”

பீட்டர் மூன்று விரல் இருந்த கையால் தலையைச் சொறிந்தார். இல்லை என்று சொன்னால் மகள் பொய்க்காரி ஆவாள். ஆமாம் என்றால் வேலை போகும். அவருக்கு யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“ஆமா சார். நானாத்தான் வெச்சேன்” என்றார்.

“லோகுகிட்ட வேற மாதிரி சொன்னியாமே?”

“லோகு தப்பா புரிஞ்சிகினாரு சார்.”

அங்கேயே கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். வெளியே போகும்போது வாட்ச்மேன் அவருடைய சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துச் சோதித்தான், வேலையை விட்டு நிற்கிறவனை அப்படிச் சோதிப்பது கம்பெனி ரூல். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தான். உள்ளே எலுமிச்சம் சாதமும் ஊறுகாயும் இருந்தன, இன்னும் தொடாமல்.

சாயந்திரம் வண்டி ஸ்டாண்டில் பிரின்சியை மடக்கினேன். “நீயெல்லாம் ஒரு மனுஷியா? பெத்தவரு உன்ன எதுக்கு வளத்தாரு, இதுக்கா?” என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள். அழவில்லை, தலையும் குனியவில்லை.

“திட்டு லோகண்ணா, நல்லா திட்டு. நைனாவுக்கு வேற வேலை கெடைக்கும். எனக்கு வேற பட்டம் கெடைக்காது” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கான்ட்ராக்டர் ஒருவரை நிறுத்தினால் சிப்காட் முழுக்கச் செய்தி போய்விடும். சொன்ன பேச்சுக் கேட்காமல் லேபில் கை வைக்கிறவன் என்று பீட்டருக்குப் பேர் விழுந்துவிட்டது. கடைசியில் பழைய இரும்பு பிரிக்கிற ஒரு யார்டில் சேர்ந்தார். உருக்குகிற மில்லுக்குப் போகிற இரும்பு அது. தகரம், ஆணி, அறுத்த பைப் என்று வெயிலில் குவிந்து கிடக்கும். எட்டு விரலை வைத்துக்கொண்டு அந்த வயதில் குனிந்து பொறுக்கினார். கையில் எப்போதும் புதிதாக ஒரு கட்டு இருக்கும்.

மேரி மகள் பக்கம். “ஊர்ல இல்லாத வேலையா போயிடுச்சி? கக்கூஸ் கழுவுறது ஒரு உத்தியோகம்னு அதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறாரு. புள்ள டாக்டராயிட்டா எல்லாம் சரியாப் பூடும்” என்று என்னிடமே சொன்னாள். பீட்டர் வீட்டில் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. அவள் வருவதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார், அவள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார். அவளும் அதைக் கேட்கவில்லை. தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் யார்டு வழியாகப் போனபோது பீட்டர் கூப்பிட்டார்.

“லோகு, வேலை போனது கூட வுடு. ஒண்ணே ஒண்ணு அவளக் கேக்கணும். தொடக்கூடாதுன்னு என்னிக்கு என்கிட்ட சொன்னா? அவ தொட்ட பாட்டிலு அத்தினியும் கழுவுனது நான்தானே. பளபளன்னு கீது நைனான்னு அவளே சொல்லியிருக்கா.”

“கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா எதுனா ஒண்ணு சொல்லிடுவா, அவளுக்கு வாய்க்கு இன்னா பஞ்சம். அது வோணாம்” என்று சொல்லி, குனிந்து ஒரு தகரத்தை இழுத்தார்.

மறு வருஷம் பதிவு முடிவதற்குச் சில வாரம் முன்னால் தீசிஸ் போய்ச் சேர்ந்தது. கடைசியில் வாய்மொழித் தேர்வு. அது எல்லாருக்கும் திறந்த தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். தேர்வுக்கு நிற்கிறவர் வீட்டார் வருவார்கள், காபியும் ஸ்வீட்டும் மிக்சரும் அவர்கள் செலவு. அப்பா அம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்பது வழக்கம். பீட்டர் வரமாட்டேன் என்றார். “அப்பா வராத பொண்ணா நிக்கணுமா அது?” என்று மேரி கூச்சல் போட்டுக் கிறிஸ்துமஸ் சட்டையைப் போடவைத்தாள். என்னைப் பிரின்சியே கூப்பிட்டாள். மெஷின் ஓட்டினவர் என்று தீசிஸின் நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதாம். எனக்குப் போக இஷ்டமில்லை, பீட்டருக்காகப் போனேன். அவர் முன்வரிசைக்கு வராமல் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிரின்சி பட்டுப்புடவையில் நின்று இங்கிலீஷில் பேசினாள். தடுமாறவே இல்லை. எனக்குப் பாதி புரிந்தது, பீட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருதரம் அவள் தண்ணீர் குடித்தபோது இவர் தொண்டை அசைந்தது. எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். இங்கிலீஷில் கேள்வியெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தமிழுக்கு வந்தார்.

“அது சரி, அந்தக் கற்பூரத்தை வெச்ச பக்திமான் யாரும்மா?”

அரங்கமே சிரித்தது. கற்பூரம் என்ற சொல்லைக் கேட்டதும் பீட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் லேபில் நடந்த தவறு சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தக் கேள்வி அதோடு போயிருக்கும்.

“ஹவுஸ்கீப்பிங் ஆள் சார். படிக்காதவர். சொன்னாலும் புரியாது” என்றாள் பிரின்சி.

“ஒரு அத்தியாயமே அவரால வந்திருக்கு. நன்றில அவர் பேரையும் போட்டிருக்கலாமே?” என்றார் தேர்வாளர். மறுபடி சிரிப்பு. சுப்பிரமணி கை தட்டியே சிரித்தார். என் பெயர் இருந்த அந்த நன்றியில் பீட்டர் பெயர் அப்பா என்றுகூட இல்லை. மேலே கர்த்தருக்கும், அப்புறம் சுப்பிரமணிக்கும், பெற்றோருக்கும் என்று பொதுவாக ஒரு வரி, அவ்வளவுதான்.

தேர்வாளர் எழுந்து, இவருக்குப் பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைப்பதாக வாசித்தார். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். பீட்டரும் தட்டினார். இனி அந்தப் பட்டத்தை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. பொய் சொல்ல வேண்டிய தேவை அந்த நிமிஷத்தோடு அவளுக்குத் தீர்ந்துவிட்டது. எனக்கு ஒரு நப்பாசை, இப்போதாவது வந்து அப்பாவின் கையைப் பிடிப்பாள் என்று.

போட்டோ எடுக்க எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேரி கடைசி வரிசைக்கு வந்து பீட்டரை இழுத்துக்கொண்டு போனாள். தேர்வாளர் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

“அப்பாவா? ரொம்பப் பெருமையா இருக்குமே. நீங்க என்ன பண்றீங்க?”

பீட்டர் கை கூப்பினார். “கற்பூரம் வெச்ச ஆளு நான்தான் சார்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சுப்பிரமணி மிக்சர் தட்டைப் பார்த்தார். தேர்வாளர் ஒன்றும் விளங்காமல் பிரின்சியைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவளைத்தான் பார்த்தேன்.

பிரின்சி சிரித்தாள். “எங்க அப்பா எப்பவும் இப்படித்தான் சார். எதுக்கெடுத்தாலும் தமாஷ்” என்றாள்.

“பிரமாதம்” என்று தேர்வாளர் பீட்டரின் தோளில் தட்டிச் சிரித்தார். சுப்பிரமணி அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். எல்லாம் தெரிந்த மேரியும் சிரித்தாள். சுற்றி இத்தனை பேர் சிரிக்கிறார்களே என்று பீட்டரின் உதடும் விரிந்தது. மேரி அவர் முழங்கையைப் பிடித்து மகள் பக்கத்தில் நகர்த்தினாள்.

“இதே மாதிரி சிரிச்சிகினே நில்லு, போட்டா புடிக்கிறாங்க” என்றாள்.

பீட்டர் அப்படியே நின்றார்.